தகரம் வைத்த கூடை

போன மாதம் பரணை ஒழித்துக்கொண்டிருந்த என் மருமகள் ஒரு பிரம்புக் கூடையை இறக்கிக் கூடத்தில் வைத்தாள். மூடி போட்ட பெரிய கூடை. ஒரு ஆள் ஒரு வாரம் பொங்கிச் சாப்பிடுவதற்கான சாமான் முழுவதும் அதற்குள் அடங்கும். அடியோரத்தில், மூலையை ஒட்டி, ஒரு சதுரத் தகரத்துண்டு கம்பியால் வைத்துக் கட்டியிருக்கிறது. பிஸ்கட் டின்னிலிருந்து வெட்டிய தகரம். அதில் அச்சிட்ட பூவில் பாதி இன்னும் அழியவில்லை. “இத எந்துக்குப்பா இன்னும் வெச்சிண்டிருக்கேள்? ஓட்டைக் கூடை. பழைய சாமான்காரன் வரான், போட்டுடட்டுமா?” என்றாள். அந்தத் தகரத்தைக் கட்டிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. செத்துப்போன என் மனைவிக்குக்கூடப் பாதிக் கதைதான் தெரியும்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நான் சர்க்கார் உத்தியோகத்தில் ரைட்டராக இருந்தேன். எங்களுடையது மிகச் சின்ன ஆபீஸ். ஒரு சூப்பிரண்டு, நான், ஒரு பியூன், ஒரு தீவு. சிரிக்க வேண்டாம், எங்கள் பொறுப்பில் நிஜமாகவே ஒரு தீவு இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வள்ளத்தில் ஏறி வடக்கே கால்வாயும் காயலுமாக ஒன்றரை நாள் போனால், காயல் கடலோடு சேரும் இடத்தில் தாழம்புதரும் மணலுமாகக் கிடக்கும். மனிதர் குடியிருப்பு கிடையாது. மாசி பிறந்ததும் ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, காதைக் கிழிக்கிற சத்தம். அவை கூடு கட்டுவதில்லை. மணலை மார்பால் தேய்த்து ஒரு குழி செய்து, மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை இட்டுவிடும். அந்த முட்டைக்குக் காவல் என்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தீவில் எலி கிடையாது. பூனை, கீரி, பாம்பு எதுவுமே கிடையாது. நீரோட்டம் அவ்வளவு வேகம், எதுவும் நீந்தி வர முடியாது. வந்தால் வள்ளத்தில், மனிதனோடு, மனிதனுடைய மூட்டைக்குள் வந்தால்தான் உண்டு. சீமையில் படித்துவிட்டு வந்த எங்கள் சூப்பிரண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் இதை மலையாளம் கலந்த தமிழில் சொல்லுவார். “ஒரு எலி மதி, ஸ்வாமி. சூல் எலி ஒண்ணு வந்தா போதும். ரெண்டு சீசன்ல தீவு காலி. பின்ன நமக்கு ஜோலியும் இல்ல.”

அதைத் தடுப்பதற்கென்றே தீவில் ஒரு காவல்காரர் இருந்தார். தெற்கே நாஞ்சில் நாட்டுக் கடலோரத்துக்காரர், பனையேறிய உடம்பு. மனைவியும் மகளும் அக்கரையில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் அந்தப் பறவைச் சத்தத்துக்குள் தனியாக ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தார். தினமும் சாயங்காலம் ஒரு பனையோலையை இழுத்துக்கொண்டு தீவைச் சுற்றி நடந்து மணலைச் சமனாக்கிவிடுவார். விடிந்ததும் அதே வழியில் குனிந்தபடி நடப்பார். இரவில் எது நடந்திருந்தாலும் மணலில் எழுதியிருக்கும் அல்லவா? நண்டு எது, ஆமை எது, குருகு எது என்று அவர் வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்தரை நான் அவ்வளவு சிரத்தையாக வாசித்ததில்லை.

வள்ளம் தீவைத் தொடவே கூடாது. கல்லெறி தூரத்தில் ஒரு மணல்திட்டு உண்டு, அங்கேதான் நிற்க வேண்டும். காவல்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, நான்கு முழ வெள்ளைத் துணியைத் திட்டில் விரிப்பார். வருகிறவர் யாராக இருந்தாலும் பெட்டி படுக்கையை அதில் கொட்ட வேண்டும். வேட்டியை உதறுவார், தலையணையை அமுக்கிப் பார்ப்பார், செருப்பைக் கவிழ்த்துத் தட்டுவார். சூப்பிரண்டின் சவரப் பெட்டிக்கும் அதே கதிதான். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் முகம் சுளித்தபோது, “துரைக்க பெட்டியில எலி கேறினா அது துரைன்னு பாக்காது” என்று சொல்லிவிட்டுத் தம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் துணியில் கொட்டப்படாத சாமான் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது, முட்டைக் கணக்கு எடுக்க நான் ஒரு வாரம் தங்க வரும்போது கொண்டு வரும் என் கூடை. கரமனை அக்ரகாரத்தில் குளித்து, மடித்துணி உடுத்தி, என் மனைவி அடுக்கிக் கொடுக்கும் கூடை. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் பரணி, அப்பளக்கட்டு, வெண்கலப் பானை. பரணி ஜாடி உடையாமலிருக்க வைக்கோல். மேலே சிவப்புக் கரை போட்ட மடித்துணி. காவல்காரர் பிறந்த ஜாதிக்காரர் தொட்டால் அதை நான் சாப்பிடக் கூடாது. அந்தக் காலத்துப் பேச்சு அது, இப்போது எழுதவே கூசுகிறது. முதல் இரண்டு தடவை அவர் ஏழெட்டடி தள்ளி நின்று, “சாமியே எடுத்துப் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நானும் எடுத்துப் போட்டேன். ஆனால் செருப்பைத் தட்டிய துணியில் மடி சாமானை வைப்பதாவது! மூன்றாம் தடவை, “ஆத்திலேயே பார்த்தாச்சு” என்றேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் கேட்பார், நான் “பார்த்தாச்சு” என்பேன். உண்மையில் நான் பார்ப்பதே இல்லை. என் மனைவி பார்த்திருப்பாள் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

அந்தப் பங்குனியில் வள்ளம் வரத் தாமதம். வள்ளக்கடவுப் படகுத்துறையில் அரிசி மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் அரை நாள் கிடந்தோம், நானும் கூடையும். நான் சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். வள்ளத்தில் போகும்போது கூடைக்குள் ஒரு தரம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கேட்டது என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன், இத்தனை வருஷமாகப் பலகைச் சத்தம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். வழிக்குக் கட்டுச்சாதம் தனியாக இருந்ததால் கூடையைத் திறக்கவும் இல்லை. மணல்திட்டில் காவல்காரர், “உள்ள பாத்தாச்சா சாமி?” என்று கேட்டார். “பார்த்தாச்சு” என்றேன். கூடையை நானே தோளில் சுமந்துகொண்டு நடந்தேன்.

எனக்கென்று தனியாக ஒரு சமையல் கொட்டில் உண்டு. கூடையை அங்கே வைத்துவிட்டு முட்டைக் கணக்கு எடுக்கப் போனேன். வெயில் சாய்ந்து வந்து மூடியைத் திறந்தால், வைக்கோல் கலைந்து நடுவில் குழி விழுந்திருக்கிறது. அப்பளத்தின் விளிம்பு ரம்பம் வைத்து அறுத்தது போல் கொறிபட்டிருக்கிறது. மடித்துணியின் ஓரம் கிழிந்து நூலாகக் கிடக்கிறது. அடியில் கறுப்புப் புழுக்கை. மூலையில் பிரம்பைக் கடித்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. கூடைக்குள் எலி இல்லை. வெளியே ஆலாக்கள் கத்திக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தரையில் முட்டையை வைத்துக்கொண்டு.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இருபது அடி தூரத்தில்தான் காவல்காரர் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் புழுக்கையைக் கூட்டி, கலைந்த வைக்கோலை அடுப்பில் போட்டேன். நானே ரகசியமாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம். வெண்கலப் பானையைக் கவிழ்த்து, குச்சியை முட்டுக் கொடுத்து, அடியில் அப்பளத்துண்டு வைத்தேன். காலையில் பானை நின்றபடி நின்றது, அப்பளத்தைக் காணோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலி புரண்ட அந்த அரிசியை நான் குளித்து மடியாக வடித்து நான்கு நாள் சாப்பிட்டேன். காவல்காரர் தொட்டால்தான் தீட்டு!

அதே காலையில் அவர் என் கொட்டிலுக்கு வெளியே வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. “சாமி, எலி நடந்திருக்கு. வந்து பாருங்க.” சமனாக்கிய மணலில் நான்கு நான்காகச் சின்னக் கால்தடங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. அது போய் முடிந்த இடத்தில் இரண்டு முட்டை ஓடுகள். தாய்ப்பறவை பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே, “எனக்க ஓலைக்க உள்ளதான் வந்திருக்கும். ஒவ்வொண்ணா உதறித்தான் கேத்தினேன். எங்கயோ விட்டுட்டேன்” என்றார். கூரைக்கென்று ஒரு வாரத்துக்கு முன் அக்கரையிலிருந்து ஓலை கொண்டு வந்திருந்தார். நான் நோட்டை எடுத்து, உடைந்த முட்டை இரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

திட்டில் தங்கியிருந்த வள்ளக்காரனை உடனே சூப்பிரண்டிடம் அனுப்பினார். பிறகு தம் குடிசைமேல் ஏறிக் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தார். ஓலை ஓலையாகப் பிரித்து, உதறி, கீழே போட்டார். எலிக்கூடு எதுவும் இல்லை என்றதும் சுவர்த்தட்டியையும் பிரித்தார். எல்லாவற்றையும் தண்ணீரோரம் கொண்டுபோய்க் கொளுத்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே நின்று அவர் தந்த ஓலைகளை வாங்கி அடுக்கினேன். உதவி செய்கிறேனாம். மத்தியான வெயிலில், நான்கு கழி மட்டும் நட்டு நின்ற இடத்தில், அவர் தம் பாயை விரித்து உட்கார்ந்து, “இந்த வேலை போனாலும் போகட்டும் சாமி, முட்டை போகப்பிடாது” என்றார். வேலை போனால் அக்கரையில் அடுப்பு எரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று நாள் பானைகளைக் கழுத்தளவு மணலில் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். தேங்காய்ச் சில்லைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு விடியலும் எனக்குத் தண்டனை. அவர் குனிந்து நடப்பார், நான் பின்னால் நடப்பேன், உடைந்த முட்டைகளைக் கணக்கில் ஏற்றுவேன். ஒரு நாள் நான்கு குழி, மறுநாள் ஏழு. ஐந்தாம் நாள் பிற்பகல் சூப்பிரண்டு வந்தார். மணல்திட்டில் இறங்கியதும், யாரும் சொல்லாமலே தம் பெட்டியை வெள்ளைத் துணியில் கொட்டி, செருப்பைத் தாமே தட்டினார். விசாரணையும் அங்கேயே நடந்தது. ஓலையைப் பற்றிக் கேட்டார். “நான்தான் கொண்டு வந்தேன் ஏமானே” என்றார் காவல்காரர். சூப்பிரண்டு என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோ ஸ்வாமி. வாச்சரோட அசிரத்தை. இன்னியோட ஜோலியிலேர்ந்து நீக்கம். ஒப்பு வாங்கிக்கோ” என்றார்.

நான் எழுதினேன். மை உலர ஊதியும் ஊதினேன். இதை மறைத்துப் பயன் இல்லை, நான் எழுதினேன். இங்கிலீஷில் நான்கு வரி. கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டியபோது காவல்காரர் வாங்கவில்லை. “என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க சாமி. தெரியாம ஒப்பு போட மாட்டேன்.” நான் தமிழில் சொன்னேன். தீவுக்குள் வந்த பொருள்களைக் காவல்காரர் சரியாகச் சோதிக்கவில்லை என்ற வரியை அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் நிதானமாக யோசித்தார். விடியற்காலையில் மணலை வாசிப்பது போலவே தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “எல்லாத்தையும் சோதிச்சேன் ஏமானே. ஓலைய சோதிச்சேன். கூரையப் பிரிச்சும் பாத்தாச்சு, அதுல ஒண்ணும் இல்ல. இந்த மாசம் நான் சோதிக்காம உள்ள போனது ஒண்ணே ஒண்ணு.” அதோடு நிறுத்திவிட்டார். சூப்பிரண்டு, “எந்து அது?” என்றார். காவல்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. ஒரு பிராமண ரைட்டருடைய சொல்லா, ஒரு காவல்காரனுடைய சொல்லா என்று வந்தால் எது நிற்கும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவர் சொல்லாமல் நின்றார். பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தன. வள்ளக்காரன் கழியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.

“என் கூடை, சார்” என்றேன். “நான் பார்க்கலை. பார்த்தாச்சுன்னு பொய் சொன்னேன். அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

சூப்பிரண்டு என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் அந்தக் காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். கூடையைக் கொண்டு வரச் செய்து, தம் கையாலேயே வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். அரிசிக்கு நடுவே புழுக்கை புழுக்கையாக விழுந்தது. அரிசி, பருப்பு எல்லாவற்றையும் காயலில் கொட்டச் சொன்னார். அப்பளக்கட்டை மட்டும் காவல்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். “அந்த எலியப் பிடிக்காம ஸ்வாமி இந்தத் தீவ விட்டு வர வேண்டாம். மனசிலாயோ?” என்று சொல்லிவிட்டுச் சூப்பிரண்டு வள்ளத்தில் ஏறினார்.

அன்று சாயங்காலம்தான் காவல்காரர் பேசினார். கோபமாகத்தான் பேசினார். “எனக்க கூரைய நான் பிரிச்சப்போ சாமி கீழ நின்னு ஓலை வாங்கினியளே. அப்பவாவது சொல்லப்பிடாதா?” தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள், வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் நான் பட்டினி கிடந்தேன். இரண்டாம் நாள் அவர் ஒரு சட்டியில் கஞ்சியும் சுட்ட கிழங்கும் வைத்துவிட்டு, வழக்கம்போல் தள்ளிப் போய் நின்றார். எடுத்துக் குடித்தேன். வானம் இடிந்து விழவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல்.

எலியோ தண்ணீர்ப் பானையில் விழவில்லை, தேங்காயைத் தொடவில்லை. ஆனால் தினமும் அதன் தடம் என் கொட்டில் வரை வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது என்று காவல்காரர் கண்டுபிடித்தார். “அது கூடையத் தேடுது. அதுக்கு இங்க வீடு அதுதான்” என்றார். பிறகு, “கூடையத் தரணும்” என்று கை நீட்டினார். அவர் அதைத் தொட்டது அப்போதுதான். பிஸ்கட் டின்னை வெட்டி ஓட்டையை அடைத்துக் கம்பியால் இறுக்கினார். உள்ளே வைக்கோலும் என் மனைவியின் மடித்துணியும் போட்டு, அப்பளத்தைச் சுட்டு உடைத்து வைத்தார். மூடிக்குக் குச்சி முட்டு, குச்சியில் கயிறு. வெளுக்கிற நேரத்தில் இரண்டு பேரும் தாழம்புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்தோம். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், மணல் சாம்பல் நிறத்திலிருந்து வெள்ளையாகிற சமயம், அது வந்தது. வயிறு தரையில் இழுபட மெதுவாக வந்தது. கூடையின் விளிம்பில் ஏறி நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. காவல்காரர் கையில் கயிறு அசையவே இல்லை. அது உள்ளே குதித்தது. கயிற்றைச் சுண்டினார், மூடி விழுந்தது.

ஓடிப்போய் மூடிமேல் நான் விழுந்தேன். அவர் கூடையைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். இருவருமாகத் தூக்கிக் காயலுக்குள் கொண்டுபோய் அமுக்கிப் பிடித்தோம். உள்ளே அது முட்டி மோதுவது பிரம்பு வழியாக உள்ளங்கையில் தெரிந்தது. அது நின்ற பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கரையில் அவர் அதன் வயிற்றைக் கத்தியால் கீறிப் பார்த்தார். ஆறு குட்டிகள், உருவம் முழுக்க வந்துவிட்டவை. “இன்னும் ரெண்டு நாளு” என்றார். நான் தண்ணீரோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

மறுநாள் வள்ளம் வந்தது. அவர் வெள்ளைத் துணியோடு மணல்திட்டுக்கு வந்தார். கூடையையும் அவரே தலையில் சுமந்து வந்து வள்ளத்தில் வைத்தார். “அடுத்த தடவ சாமி இதக் கொண்டு வந்தா நான் உள்ள கைய விட்டுப் பாப்பேன்” என்றார். சிரிக்கவில்லை. “பாருங்கோ” என்றேன். அவரை நான் மரியாதை வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. என்னைப் பழைய ரிக்கார்டுகள் அடுக்கிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எலிக்குப் பஞ்சமில்லை. கேட்டுப் போயிருக்கலாம், நான் கேட்கவில்லை, வெட்கம். பிறகு யுத்தம் வந்தது, அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது, எங்கள் ஆபீஸையே எடுத்துவிட்டார்கள். அரிசி வள்ளங்களை அந்தத் தீவில் ஒதுக்கிக் கட்டினார்களாம். பல வருஷம் கழித்துத் தம்பானூரில் எதிர்ப்பட்ட பழைய வள்ளக்காரன் சொன்னான். சம்பளம் நின்ற பிறகும் காவல்காரர் அந்தத் துணியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு வள்ளத்தையும் மறித்தாராம். மூட்டையைக் கொட்டச் சொன்னாராம். சிரித்தார்களாம். கடைசியில் பிடித்து அக்கரையில் கொண்டுபோய் விட்டார்களாம். ஆலாக்கள் இரண்டு வருஷம் வந்தன, அப்புறம் வரவில்லை. காவல்காரர் எங்கே போனார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்க, மருமகள் கூடையை வாசல்வரை கொண்டு போய்விட்டாள். பழைய சாமான்காரன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணும் இல்லல்லோ?” என்று கேட்டான். “அப்பா, உள்ள பாத்தாச்சா?” என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து போய், கொடியில் கிடந்த வெள்ளை வேஷ்டியை எடுத்து வாசலில் விரித்தேன். “பார்க்கலை” என்றேன் அந்த ஆளிடம். “கொட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கோ.”